முன்கூட்டிச் சொன்ன நன்றி

'திருமதி பிரிஜெட் ஜெயராஜ், விவேக் நகர். கவலை என்றால் என்னவென்றே அறியாத விசுவாச வீராங்கனை. செபத்தின் வல்லமையால் தம் கணவரின் பார்வையை மீட்டெடுத்து, பதற்றத்தில் வாடும் பல குடும்பங்களுக்கு வழிகாட்டியாகத் திகழ்பவர்.'

பெத்தானியா செபக்குழு 1998 டிசம்பரில் வெளியிட்ட ஆண்டு மலரில் அவளுடைய புகைப்படத்துக்குக் கீழே இப்படி அச்சாகியிருந்தது. இதில் விவேக் நகர் என்பது சரி.

கவலை என்றால் என்னவென்று பிரிஜெட்டுக்குத் தெரிந்த அளவு அந்தத் தெருவில் வேறு யாருக்கும் தெரியாது. ஸ்டவ்வை அணைத்தோமா என்ற சந்தேகம் பஸ் ஏறிய பிறகுதான் வரும். அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி வந்து பார்ப்பாள். அணைந்துதான் இருக்கும். அணைந்திருப்பதைப் பார்த்தும் மனசு ஆறாது. இன்றைக்கு அணைத்திருக்கிறோம், நாளைக்கு? பக்கத்து வீட்டு லட்சுமம்மா வீட்டில் டெலிபோன் மணி அடித்தால், அது யாருக்கு வந்த போன் என்று தெரிவதற்குள், ஓசூரில் கட்டிக்கொடுத்த மகள் ஆஷாவுக்கு என்ன ஆயிற்றோ என்று இவள் மதிலருகே ஓடிவிடுவாள். அது பெரும்பாலும் லட்சுமம்மாவின் தம்பியாக இருக்கும், சீட்டுப் பணம் கேட்டு.

பிழைப்பும் இதற்குத் தோதாகவே அமைந்துவிட்டது. ஓசூர் ரோட்டில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் செக்கர். தைத்து வரும் சட்டையை விளக்கடியில் விரித்துப் போட்டு, காலர், கை, பட்டன் துளை என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட வேண்டும். தப்பு இருக்கும் இடத்தில் ஒரு சிவப்பு அம்புக்குறி ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். நல்ல சட்டையைப் பார்த்துச் சந்தோஷப்படுவதற்கு அங்கே சம்பளம் கிடையாது. பதினோரு வருஷமாகப் பகல் முழுக்கக் குறை தேடிவிட்டு வரும் ஒருத்தி, வீட்டுப் படியேறியதும் அந்தக் கண்ணை எங்கே கழற்றி வைப்பாள்?

கழற்றி வைக்கச் சொல்லிக்கொண்டே இருந்தவர் அவள் புருஷன் ஜெயராஜ். கோலார் தங்கவயலில் பிறந்து, அப்பாவைப் போலச் சுரங்கத்துக்குள் இறங்க மாட்டேன் என்று ஓடிவந்து, பெங்களூரில் கம்பெனி பஸ் ஓட்டியவர். கவலைப்படுவதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. தொண்ணூற்றொன்று டிசம்பரில் காவிரிக் கலவரத்தில் பஸ்ஸின் முன்கண்ணாடி நொறுங்கி, சட்டைப்பை முழுக்கக் கண்ணாடித் துண்டோடு வீட்டுக்கு வந்து, "காத்தோட்டமா இருந்துச்சி இன்னிக்கி" என்றவர். பிரிஜெட் அப்போது மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டு மூன்றாவது செபமாலையில் இருந்தாள். ஆள் முழுசாக வாசலில் வந்து நின்ற பிறகும் செபமாலையை நடுவில் நிறுத்தப் பயந்து முடித்துவிட்டுத்தான் கதவைத் திறந்தாள்.

அப்படிப்பட்டவருக்குத்தான் கண் போக ஆரம்பித்தது. முதலில் வலது பக்கம் வரும் சைக்கிள்கள் தெரியவில்லை. "பெங்களூர்ல எவன் ரைட்ல ஒழுங்கா வரான்" என்றார். பிறகு ஒருநாள் பஸ்ஸைக் கம்பெனி கேட்டிலேயே உரசினார். கண் டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு சாகிறது. போன பார்வை போனதுதான், எந்த ஆபரேஷனும் அதைத் திருப்பித் தராது. சொட்டு மருந்தை விடாமல் விட்டால், மிச்சம் இருப்பது கொஞ்ச நாள் நிற்கும். வலது கண் முழுக்கப் போய்விட்டது. இடது கண்ணில் நேர் எதிரே மட்டும், குழாய்க்குள் பார்ப்பதுபோல ஒரு வட்டம்.

"செபம் பண்ணலாமா டாக்டர்?" என்று கேட்டாள் பிரிஜெட்.

டாக்டர் ஜைன மதத்தவர். "தாராளமா பண்ணுங்கம்மா. மருந்தையும் விடுங்க. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போடாது" என்றார். இந்த விஷயத்தில் கடைசிவரை தெளிவாகப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

வேலை போயிற்று. ஜெயராஜ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தார். பிரிஜெட் செபக்குழுவில் சேர்ந்தாள்.

பெத்தானியா செபக்குழு சனிக்கிழமை சாயந்திரங்களில் ஒரு கல்யாண ஹாலின் மாடியில் கூடும். அதற்கென்று ஒரு முறை இருந்தது. முதலில் பாட்டு. பிறகு நோயாளிகளின் பேர் ஒவ்வொன்றாக வாசிக்கப்படும். எல்லோரும் கையை உயர்த்திச் செபிப்பார்கள். கடைசியில் சாட்சி: வேண்டுதல் கேட்கப்பட்டவர்கள் மைக்கில் வந்து சொல்ல வேண்டும். சாட்சி சொன்னவரின் வேண்டுதல் அடுத்த வாரத்திலிருந்து வாசிக்கப்படாது. கிடைத்ததை மறுபடி கேட்பது மரியாதை இல்லை அல்லவா? குழுவை நடத்திய அமலநாதன், எல்லோரும் பிரதர் என்று அழைத்த இன்சூரன்ஸ் ஏஜெண்ட். நல்ல மனுஷன். ஆபத்தைப் பற்றி வாரத்தில் ஐந்து நாள் பேசி பாலிசி விற்றுவிட்டு, சனிக்கிழமை பயப்படாதீர்கள் என்பார். இரண்டையும் மனசாரச் சொல்வார்.

'ஜெயராஜ், கண் பார்வை' என்ற வரி ஒரு வருஷம் வாசிக்கப்பட்டது. அதைக் கேட்கும் நேரம் மட்டும் பிரிஜெட்டுக்கு நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கும். தன் கவலையை அறுபது பேர் ஆளுக்கொரு மூலையாகப் பிடித்துத் தூக்குவதுபோல இருக்கும்.

தொண்ணூற்றெட்டுத் தவக்காலத்தில் தியானம் கொடுக்க வெளியூரிலிருந்து ஒரு போதகர் வந்தார். கவலைப்படுவது கடவுளை அவமதிப்பது என்றார். "பஸ்ல ஏறுறீங்க. டிரைவர் மூஞ்சியைக்கூடப் பாக்காம நம்பித் தூங்குறீங்க. ஆண்டவரை நம்ப மாட்டீங்களா?" என்று கேட்டார். அதைப் பிரிஜெட் வீட்டில் வந்து சொன்னபோது ஜெயராஜ் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. "அவரு எந்த டிரைவரையும் பாத்ததில்ல போல" என்றார்.

ஆனால் போதகர் சொன்ன இன்னொன்று அவளுக்குள் முள்ளாக நின்றுவிட்டது. கேட்டுக்கொண்டே இருப்பது சந்தேகத்தின் அடையாளம். கிடைத்துவிட்டது என்று நம்பி முதலிலேயே நன்றி சொல்கிறவனுக்குத்தான் கிடைக்கும். அவர் சொன்னது மனசுக்குள் சொல்லும் நன்றியைத்தான். பிரிஜெட்டுக்கு எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லை. அடுத்த சனிக்கிழமை சாட்சி நேரத்தில் எழுந்து, மைக்கைப் பிடித்து, "என் வீட்டுக்காருக்குப் பார்வை வந்துடுச்சி, இயேசுவுக்கே நன்றி" என்று சொல்லிவிட்டாள்.

ஹால் அதிர்ந்தது. குழுவில் மூத்தவளான ஞானம்மாள் ஓடிவந்து கட்டிப்பிடித்து அழுதாள். கீழே சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர்கள்கூட மேலே வந்து கைதட்டினார்கள். அத்தனை பேரும் சந்தோஷப்படும்போது, அட்வான்ஸாகத்தான் சொன்னேன் என்று எப்படி விளக்குவது? பிரிஜெட் விளக்கவில்லை. இன்னும் வேடிக்கை, அன்றிரவு அவள் தூங்கினாள். ஸ்டவ்வைப் பார்க்க எழுந்திருக்கவில்லை. பல வருஷத்தில் முதல் தடவையாக அவள் மார்மேல் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போயிருந்தது. கவலையை வென்றவள் என்று மலர் சொன்னதில் அந்த ஓரிரண்டு வார அளவுக்கு உண்மை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

செய்தி ஜெயராஜுக்குத் தெருவில் கிடைத்தது.

"எனக்குக் கண்ணு வந்துடுச்சாமே?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார். "ஞானம்மா சொல்லிச்சி. எங்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் நீ."

பிரிஜெட் அழுதாள். "நாளைக்கே போயி இல்லேன்னு சொல்லிடறேங்க."

"வேணாம் வுடு. அத்தன பேரு முன்னாடி உன்ன பொய்க்காரின்னு சொல்ல வைக்கவா? கொஞ்சம் தெரியுதுல்ல? மீதிய நான் சமாளிச்சுக்கறேன்."

சமாளித்தார். அதுவரை மனைவியின் தோளைப் பிடித்து நடந்தவர், கையை விட்டுவிட்டு நடந்தார். குரலை வைத்து ஆளைக் கண்டுபிடித்தார். தலைக்குத் தடவும் எண்ணெயை வைத்துக் கண்டுபிடித்தார். "ஜெயராஜண்ணே, நல்லா தெரியுதா?" என்று யாராவது கேட்டால், "உன் தொப்ப தெரியாத கண்ணு ஒரு கண்ணா?" என்பார். பெங்களூரில் எல்லாருக்கும் தொப்பை இருந்ததால் இந்தப் பதில் ஒருமுறைகூடத் தப்பவில்லை.

லட்சுமம்மா மட்டும் மதில் வழியாகத் தலையை நீட்டி, கன்னடம் கலந்த தமிழில் கேட்டாள். "பிரிஜெட்டம்மா, உன் வீட்டுக்காருக்குக் கண்ணு வந்துச்சாமே, ஹௌதா? நேத்து என் துளசித் தொட்டி மேல மோதிட்டு 'சாரி மேடம்'னு சொல்லிட்டுப் போனாரே?"

"அது... இன்னும் பழகல லட்சுமம்மா."

"சும்னே கேட்டேன். உங்க சாமி, உங்க கண்ணு" என்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

'ஜெயராஜ், கண் பார்வை' என்ற வரி இப்போது வாசிக்கப்படுவதில்லை. அறுபது பேரும் ஒரே நாளில் கையை எடுத்துவிட்டார்கள். பாரம் முழுக்க மறுபடி பிரிஜெட் மேல் வந்து இறங்கியது, பொய் என்ற புதுப் பாரத்தையும் சேர்த்துக்கொண்டு. கண் சொட்டு மருந்தை டீத்தூள் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைக்க வேண்டியிருந்தது. ஒருநாள் ஞானம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "சுகமான கண்ணுக்கு மருந்து எதுக்கு சிஸ்டர்? ஆண்டவர் மனசு நோகாதா?" என்று கேட்டிருந்தாள். பிரிஜெட்டுக்கு அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. ஆனாலும் கதவைச் சாத்திவிட்டு மருந்து விட்டாள். விட்டுவிட்டு, ஆண்டவர் மனசு நோகுமே என்று கவலைப்பட்டாள்.

இதற்கிடையே அவளுக்குப் பேர் பரவியது. ஆடுகோடியில் கூப்பிட்டார்கள், மர்பி டவுனில் கூப்பிட்டார்கள். கவலையை விட்டது எப்படி என்று நடுங்கும் கையால் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். நடுக்கத்தைப் பரிசுத்த ஆவி என்று நினைத்தார்கள். கூட்டம் முடிந்ததும் பெண்கள் வரிசையில் நின்று தங்கள் கவலையை அவளிடம் ஒப்படைத்துவிட்டு லேசாகி வீட்டுக்குப் போனார்கள். யார் மகனுக்கோ காமாலை, யார் மருமகளோ கோபித்துக்கொண்டு போய்விட்டாள். தன்னுடையது போதாதென்று அவள் அதையெல்லாம் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து விழித்துக் கிடந்தாள்.

இவையெல்லாம் தாங்கக்கூடியவை. தாங்க முடியாத ஒன்று ஜூலையில் ஆரம்பித்தது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த ஜெயராஜ், "இப்போ கொஞ்சம் தெளிவாத்தான் தெரியுது பிரிஜெட்" என்றார்.

வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. பழைய காக்கிச் சட்டையை எடுத்து இஸ்திரி போடச் சொன்னார். டிரைவர் லைசென்ஸ் இன்னும் செல்லுமா என்று கேட்டார். ஊரையெல்லாம் நம்ப வைத்தவர், கடைசியில் தன்னையும் நம்ப வைத்துக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. டாக்டரிடம் கூப்பிட்டால், "நல்லா இருக்கற கண்ண எதுக்குக் காட்டணும்?" என்றார். அந்த வட்டம் சுருங்கிக்கொண்டே வருகிறது என்பது சோற்றுத் தட்டில் அவர் குழம்பைத் தேடுவதில் தெரிந்தது.

ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்குக் குழு வேன் பிடித்தது. விடிந்தும் விடியாத நேரத்தில் ஹால் வாசலில் பெண்களும் பிள்ளைகளுமாக எல்லோரும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். புளிசாத வாசனை வேன் முழுக்க. டிரைவரைக் காணோம், முந்தின நாள் யாரோ கல்யாணத்தில் குடித்துவிட்டு எழுந்திருக்கவில்லை என்று செய்தி வந்தது.

அமலநாதன் ஒரு நிமிஷம் கையைப் பிசைந்தார். பிறகு முகம் மலர்ந்தது. "நம்ம ஜெயராஜண்ணன் இருக்காரே! ஆண்டவர் அந்தக் கண்ணை எதுக்குக் கொடுத்தார்?"

அல்லேலூயா என்றார்கள். ஜெயராஜ் ஏற்கெனவே எழுந்துவிட்டிருந்தார். அன்றைக்கு அவர் அந்தக் காக்கிச் சட்டையைத்தான் போட்டு வந்திருந்தார். சாவியை வாங்கினார், டிரைவர் கதவைத் தடவித் திறந்து ஏறினார். ஸ்டியரிங் மேல் இரண்டு கையையும் வைத்தபோது அவர் முதுகு நிமிர்ந்ததை இரண்டாவது வரிசையிலிருந்து பிரிஜெட் பார்த்தாள். வேலை போன பிறகு அந்த முதுகை அவள் பார்த்ததில்லை. அடுத்ததாக, அவர் கைக்குட்டையால் உள்கண்ணாடியை அக்கறையாகத் துடைத்து, சரிசெய்து, திருப்தியோடு தலையை ஆட்டினார். கண்ணாடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பிரிஜெட் எழுந்து நின்றாள். "பிரதர், அவருக்குக் கண் தெரியாது."

யாரோ சிரித்தார்கள். அமலநாதன், "என்ன சிஸ்டர், போன வாரம்கூட ஆடுகோடில சாட்சி சொன்னீங்க?" என்றார்.

"சொன்னேன். நன்றிய முன்னாடியே சொன்னா வருமுன்னு சொன்னாங்க, சொன்னேன். வரல பிரதர்."

"கெட்ட ஆவி பேசுது" என்று ஞானம்மாள் செபமாலையை எடுத்தாள். "கிளம்புற நேரத்துல சந்தேகத்தைக் கிளப்புறா."

அமலநாதன் நடுநிலையான மனுஷன். ஜன்னல் பக்கம் போய் விரல்களை நீட்டினார். "அண்ணே, இது எத்தனை?"

"உன் வெரல எண்றதுக்கா ஆண்டவரு எனக்குக் கண்ணு குடுத்தாரு?" என்றார் ஜெயராஜ். வேன் முழுக்கச் சிரித்தது. விவாதம் அத்தோடு முடிந்தது. அவர் இன்ஜினைக் கிளப்பினார்.

பிரிஜெட் சாதத் தூக்கைக் கீழே வைத்துவிட்டு இறங்கினாள். வேனைச் சுற்றி வந்து, டிரைவர் ஜன்னல் பக்கம், அவருடைய வலது முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி நின்றாள். எதுவும் பேசவில்லை. இன்ஜின் சத்தத்தில் அவள் காலடி கேட்டிருக்காது. ஜெயராஜ் நேரே பார்த்தபடி கியரில் கையை வைத்தார். பிறகு தலையைப் பின்பக்கமாக, இரண்டாவது வரிசையை நோக்கித் திருப்பி, வேலைக்குப் போன காலத்தில் அவளைக் கிண்டல் பண்ணும் அதே உற்சாகமான குரலில் சொன்னார்:

"பிரிஜெட், உக்காரும்மா. விழுந்துடப் போற."

ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த பெண் குழந்தையை மடியோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். பிரிஜெட் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பி எடுத்தாள். தன் முகத்துக்கு முன்னால் யாருடைய கை வந்தது என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

மத்தியானத்துக்குள் வேறு டிரைவர் கிடைத்து வேன் போய்விட்டது. இவர்கள் இரண்டு பேரும் நடந்து வீட்டுக்கு வந்தார்கள். அவள் தோளைக் கொடுத்தாள்; அவர் பிடித்துக்கொண்டார், வேறு வழியில்லை.

வாசலுக்கு வந்ததும் சொன்னார். "கண்ணு வந்துச்சின்னு சொல்றப்போவும் என்னக் கேக்கல. இல்லேன்னு சொல்றப்போவும் கேக்கல."

"ஓட்டியிருந்தா இன்னா ஆயிருக்கும்?"

"தெரியும்" என்றார். "ரெண்டு நிமிஷம் ஓட்டினா எனக்குப் போதும்னுதான் இருந்தேன். தெரு முக்கு வரைக்கும் போயி நானே நிறுத்தியிருப்பேன்."

நிறுத்தியிருப்பாரா என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

குழு இந்தக் குழப்பத்தைச் சுலபமாகத் தீர்த்துக்கொண்டது. பார்வை வந்தது உண்மை. மனைவியின் அவிசுவாசத்தால் திரும்பப் போனதும் உண்மை. எனவே முதல் சாட்சிக்குப் பழுதில்லை. மலருக்கு எழுதி வைத்திருந்ததை மாற்ற வேண்டியதில்லை. அச்சகத்துக்கும் ஏற்கெனவே பணம் கட்டியாயிற்று. டிசம்பரில் மலர்ப் பிரதியைக் கொண்டுவந்து கொடுத்த அமலநாதன் தலை நிமிராமல், "நோயாளிங்க பேர்ல அண்ணன் பேரை மறுபடி சேக்கட்டுமா சிஸ்டர்?" என்று மெதுவாகக் கேட்டார். உள்ளேயிருந்து ஜெயராஜ், "வேணாம்" என்றார்.

தொப்பை வேடிக்கையும் அத்தோடு நின்றது. யாராவது கேட்டால், "தெரியல" என்று ஒரே வார்த்தை. சொட்டு மருந்து விடும்போது முகத்தைக் காட்டினார், குறைசொல்லாமல், நன்றி சொல்லாமல். இரண்டாயிரமாவது வருஷம் மழைக்காலத்தில் அந்தக் கடைசி வட்டமும் மூடிக்கொண்டது. பிரிஜெட் ஸ்டவ்வைப் பார்க்கத் திரும்பி வருவதை விடவில்லை. இப்போது ஸ்டவ்வோடு சேர்த்து, அதன் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருப்பவரையும் பார்க்க வேண்டியிருந்தது.

செபக்குழுவுக்கு அவள் போகவில்லை. வியாழக்கிழமைகளில் குழந்தை இயேசு கோயில் நவநாளுக்கு மட்டும் போனாள். முதல் தடவை கிளம்பும்போது வாசலில் நின்று அவரைக் கேட்டாள். "உங்களுக்காக இன்னா வேண்டிக்கட்டும்?"

"எனக்காக ஒண்ணும் கேக்காத" என்றார்.

ஒவ்வொரு வியாழனும் கேட்டாள். பதில் மாறவில்லை. ஒவ்வொரு வியாழனும் அவள் கோயிலுக்குப் போனாள், அத்தனை பேர் சத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்த இடத்தில் அவருக்காக எதையும் கேட்காமல் நவநாள் முடியும்வரை முட்டி போட்டிருந்தாள், பிறகு வீட்டுக்கு வந்து சோறு வடித்தாள்.